குடில், முந்திரிக்கொத்து, பலகாரத் தட்டு: எல்லைப் பக்கத்து ஊர்களில் முதல் கிறிஸ்துமஸ்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்து, அக்கம்பக்கத்தோடு சேர்ந்து முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போகிறவர்களுக்கு முதல் வேலை மாவு அரைப்பதல்ல. ஒரு தாளை எடுத்து யார் யார் வீட்டுக்குத் தட்டு போகும், யார் யார் நம் வீட்டில் சாப்பிட உட்காருவார்கள் என்று எழுதுங்கள். என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எதை முதலில் பொரிப்பது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்துதான் வரும். அதை எழுதாமல் தொடங்கினால் 24ஆம் தேதி மாலை கேக் மிஞ்சும், கொடுக்க வேண்டிய வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: அவர்கள் இப்போது எதைச் சாப்பிடுவதில்லை, எத்தனை பேர்.

டிசம்பர் இந்தப் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான மாதமில்லை. சபரிமலை மண்டல காலம் கார்த்திகை முதல் நாள் தொடங்கி 41 நாள். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27 வாக்கில் வரும். அதாவது கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டு அண்ணன் மாலை போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முட்டை சேர்ந்த கேக்கோ அச்சுமுறுக்கோ அந்த வீட்டுக்கு ஆகாது. வெளியில் சமைத்த எதையுமே தொடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழமோ செந்துளுவனோ, ஒரு தேங்காயோ போதும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழா பத்து நாளும் திருவாதிரையை ஒட்டி வருவதால் ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும். சில ஆண்டு கிறிஸ்துமஸோடு மோதும். அந்த நாட்களில் பல வீட்டில் மீன் வாசனையே இருக்காது.

கிறிஸ்தவ வீடுகளும் ஒரே மாதிரி இல்லை. மலங்கரைக் கத்தோலிக்கர் (சிரிய வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்) டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோன்பு பிடிப்பார்கள். இறைச்சி, சில வீட்டில் மீன், முட்டை, பால் கூட விலக்கு. அவர்களுக்கு 20ஆம் தேதியே கேக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரித்து வாங்கி அலமாரியில் வைப்பார்கள், அவ்வளவுதான். 24 இரவு ஆராதனை முடிந்த பிறகே கொடுங்கள். லத்தீன் கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் சி.எஸ்.ஐ., சால்வேஷன் ஆர்மி வீடுகளில் ரம் வாசனை அடிக்கும் கேக்கை நீட்டாதீர்கள். தக்கலை, திருவிதாங்கோடு பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கும் அதே கணக்கு. அவர்கள் சாப்பிட வருகிறார்கள் என்றால் கோழியை ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள். ஒரே சட்டியில் எல்லாருக்கும் கறி வைக்கலாம், தனிச்சட்டி வேண்டாம். மாட்டுக்கறியும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) செய்கிற வீடென்றால் அதற்குச் சட்டி, கரண்டி, பரிமாறும் மேசை எல்லாம் தனி. கேட்காமலேயே அப்படிச் செய்துவிட வேண்டும். வந்தவர் வாய்விட்டுக் கேட்கும் நிலைக்கு விடக்கூடாது.

அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் தூக்க மாட்டார்கள், பலகாரமும் சுட மாட்டார்கள். அந்த வீட்டுக்குத் தட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். பெரியவர் யாராவது நேரில் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நட்சத்திரமும் குடிலும்

நட்சத்திரம் டிசம்பர் முதல் வாரத்தில் ஏறிவிடும். கோட்டாறு சவேரியார் திருவிழா 3ஆம் தேதி முடிந்ததும் கடைகளில் காகித நட்சத்திரம் குவியும். வடகிழக்குப் பருவமழை இந்த மாவட்டத்தை டிசம்பரிலும் விடாது என்பதால் காகித நட்சத்திரத்தை மழைச்சாரல் படாத தாழ்வாரத்துக்குள் தொங்கவிடுங்கள். முற்றத்தில் தூக்குவதென்றால் பிளாஸ்டிக் தாள் ஒட்டியது வாங்குங்கள். உள்ளே பழைய 40 வாட் குண்டு பல்பு போடாதீர்கள், காகிதம் கருகும். 5 வாட் எல்.இ.டி. போதும். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் ஹோல்டருக்கு வருமுன் ஒரு முழம் தாழ்ந்து வளைந்து மேலேறினால், வயர் வழி இறங்கும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. வயரில் ஒட்டுப் போட்ட இடம் எதுவும் வெளியில் இருக்கக்கூடாது. தென்னையில் கட்டுகிறவர்கள் மேலே மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.

குடிலுக்கு நான்கடிக்கு மூன்றடி இடம் போதும். மலையாளத்தில் புல்க்கூடு என்பார்கள். பெயரிலேயே புல் இருக்கிறது. அந்தப் புல்தான் தேதி பார்த்துச் செய்ய வேண்டிய ஒரே வேலை, மற்றதெல்லாம் கடைசி இரண்டு நாளில் முடியும். நெல்லை 12 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைகட்டி, ஒரு அங்குலம் தென்னைநார்க் கழிவோ மணலோ பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவுங்கள். 11 அல்லது 12ஆம் தேதி தூவினால் 24க்கு அரைச் சாண் உயரம் நிற்கும். கேழ்வரகு இன்னும் மென்மையாக, குட்டையாக வளரும். அதைத் தூவ 14ஆம் தேதி போதும். மழைமூட்டமான வாரமென்றால் இரண்டு நாள் முன்கூட்டியே. புதியவர்கள் செய்யும் தவறு, தட்டை வீட்டுக்குள் குடில் இருக்கும் மூலையிலேயே வைத்து வளர்ப்பது. வெளிச்சமில்லாமல் புல் வெளிறி, ஒடிந்து சாயும். வெயிலில் வளர்த்து 23ஆம் தேதி உள்ளே எடுங்கள். தண்ணீரைக் கையால் தெளியுங்கள். ஊற்றினால் நெல் ஒரு பக்கம் ஒதுங்கி நடுவில் வழுக்கை விழும்.

மலைக்கு: வெளியில் வைக்கும் குடிலென்றால் பழைய சாக்கை நீர்த்த சிமெண்ட் கரைசலில் முக்கி, செங்கல் அடுக்கின் மேல் சுருக்கம் விழப் போர்த்துங்கள். ஒரு நாளில் இறுகிவிடும், மழை ஒன்றும் செய்யாது. உள்ளே வைப்பதற்குச் செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். கூரைக்கு முடைந்த ஓலை அல்லது வைக்கோல். வைக்கோலுக்குள் சீரியல் பல்பை நுழைக்காதீர்கள். விளக்கு முன்பக்கச் சட்டத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்தி குடிலுக்குள் வேண்டவே வேண்டாம்.

சுரூபங்களை எல்லாம் ஒரேயடியாக வைத்துவிடாதீர்கள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு, இடையர் முதலில். குழந்தை 24 நள்ளிரவில்தான். மூன்று ராஜாக்களைத் தூரத்தில் நிறுத்தி நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6 அன்று குடிலுக்கு வரவைக்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு நிரம்பப் பிடிக்கும். நகர்த்தும் உரிமையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் முறைவைத்துக் கொடுங்கள், தினமும் வருவார்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டியதில் இருந்துதான் இந்தப் பழக்கம் பரவியது. குடில் வைக்காத சி.எஸ்.ஐ. வீடுகளில் மரம் இருக்கும். இங்கே மரமென்றால் பெரும்பாலும் சவுக்குக் கிளை. வாளியில் ஈரமணல் நிரப்பி நட்டால் ஐந்தாறு நாள் பச்சை நிற்கும். அதனால் 21க்கு முன் வெட்டாதீர்கள்.

முந்திரிக்கொத்து

இதில் அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பை, தேடாதீர்கள். இந்தப் பக்கப் பேச்சில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கிறிஸ்துமஸ் தட்டில் இதுதான் முதல் மரியாதை பெறும் பலகாரம். முட்டை இல்லை, இறைச்சி இல்லை, இரண்டு வாரம் கெடாது. பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போகும். ஒரே ஒரு பலகாரம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு அளவு: சிறுபயறு அரைக் கிலோ, கருப்பட்டி அல்லது வெல்லம் 400 கிராம், அரைமூடித் தேங்காய், எள் 50 கிராம், ஏலக்காய் 8, சுக்குப்பொடி ஒரு சின்னக் கரண்டி. கடையில் "சர்க்கரை" என்று கேட்டால் குழித்துறைப் பக்கம் வெல்லத்தைத் தருவார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குச் "சீனி" என்று கேட்க வேண்டும். மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 200 கிராம், மைதா 50 கிராம், கால் கரண்டி மஞ்சள்பொடி, உப்பு. பொரிக்கத் தேங்காயெண்ணெய். இந்த அளவில் சுமார் 50 உருண்டை, 16 கொத்து வரும். இருபது வீட்டுக்கு இரண்டு கொத்து வீதம் என்றால் ஒன்றேகால் கிலோ பயறு. வீட்டிலிருப்பவர்கள் பொரிக்கும்போதே தின்பதற்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ போடுங்கள்.

பயறைச் சிறுதீயில் கால் மணி நேரம் வறுங்கள். வாசனை வந்து, ஒன்றை வாயில் போட்டால் மொறுக்கென்று உடைய வேண்டும். ஆறிய பின் ரவையைவிடச் சற்று நைசாகப் பொடியுங்கள். பவுடராக்கினால் உருண்டை தொண்டையில் ஒட்டும். துருவிய தேங்காயை எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வெள்ளை மாறினால் போதும் என்று இறக்கிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, நான்காம் நாள் காறல் வாடை வரும். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உதிரும்வரை, பொன்னிறம் தாண்டும்வரை வறுங்கள். எள்ளைத் தனியாக வறுத்துச் சேருங்கள்.

கருப்பட்டியில் ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். மணல் இல்லாத கருப்பட்டி கிடையாது. மறுபடி அடுப்பேற்றி ஒற்றைக் கம்பிப் பதம் வரை காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் கூடி வர வேண்டும், ஆனால் மெத்தென்று இருக்க வேண்டும். உருண்டு கல்லாகத் தட்டினால் தாண்டிவிட்டது. அப்படியானால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மீண்டும் கொதிக்கவிடலாம். தண்ணீரில் கரைந்தே போனால் இன்னும் காயவில்லை. அந்தப் பதத்தில் உருட்டியவை எண்ணெயில் விழுந்ததும் வெடித்துச் சிதறும்.

பாகைப் பொடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். ஒரு கைப்பிடிப் பாகைக் கடைசிவரை வைத்திருங்கள். தேங்காயின் ஈரத்தைப் பொறுத்து அது தேவைப்படலாம், படாமலும் போகலாம். சூட்டோடு உருட்ட வேண்டும். இதற்குத்தான் நண்பர்களை அழைப்பது. ஒருவர் உருட்டினால் பாதியிலேயே மாவு ஆறி உதிரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பத்து நிமிடம். நெல்லிக்காய் அளவு போதும். உருட்டியதை மூடாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மேல்பக்கம் உலர்ந்தால்தான் மேல்மாவு பிடிக்கும்.

மறுநாள் அரிசிமாவும் மைதாவும் சேர்த்து பஜ்ஜி மாவைவிட ஒரு பிடி இளக்கமாகக் கரையுங்கள். விரலை முக்கினால் விரல்ரேகை தெரியாமல் மூட வேண்டும். மூன்று உருண்டையை ஒன்றாக முக்கி, கையாலேயே சேர்த்துப் பிடித்து எண்ணெயின் ஓரத்தில் வழியவிடுங்கள். அரை நிமிடம் கரண்டி போடாதீர்கள். ஒட்டு இறுகுமுன் தொட்டால் மூன்றும் மூன்று வழி போகும். தீ நடுத்தரம். மாவு மஞ்சளாகவே இருந்து மொறுமொறுப்பானதும் எடுத்துவிடலாம், உள்ளே வேக வேண்டியது ஒன்றுமில்லை. எண்ணெய் திடீரென்று கறுத்தால் எங்கோ மேல்மாவு விட்டுப் பாகு வெளியே வருகிறது. அடுப்பை அணைத்து, எண்ணெயை வடிகட்டி, மாவில் ஒரு கரண்டி மைதா கூட்டிக்கொண்டு தொடருங்கள்.

அச்சுமுறுக்கு, கேக்

அச்சுமுறுக்கு பாறசாலைக்கு அப்பால் அச்சப்பம். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த மாவு அரைக் கிலோ. முட்டை 2, சீனி 150 கிராம், ஒரு தேங்காயில் எடுத்த கெட்டிப்பால், கறுப்பு எள் ஒரு கரண்டி, உப்பு. கரைத்து அரை மணி வைத்தால் தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்ததாக வரும். சுமார் 40 முறுக்கு கிடைக்கும். மாலை போட்ட வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் முட்டையில்லாமல் ஒரு பங்கு தனியாகக் கரைத்து, புது எண்ணெயில் அதை முதலில் சுட்டு எடுத்து, டப்பாவில் பெயர் எழுதி மூடிவிடுங்கள். பிறகுதான் முட்டை மாவு.

புது அச்சு முதல் நாள் மக்கர் பண்ணும். முந்தின இரவே எண்ணெயில் போட்டு வையுங்கள், சுடுமுன் காயும் எண்ணெயிலேயே பத்து நிமிடம் கிடக்கட்டும். அச்சை மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பை மாவு மூடினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழன்று வராது. முக்கியதும் "சொய்" என்று மெல்லிய சத்தம் கேட்டால் சூடு சரி. சத்தமே இல்லாமல் மாவு வழுக்கி விழுந்தால் அச்சு ஆறிவிட்டது. மாவுப் பாத்திரத்திலேயே வெந்து உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, ஒரு நிமிடம் வெளியில் பிடித்திருங்கள். சீனியைக் கூட்டாதீர்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று 200 கிராம் போட்டால் வேகுமுன் சிவந்து, அச்சிலும் ஒட்டும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வையுங்கள், டிசம்பர் எறும்பு வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

டைமண்ட் கட்டும் உப்புச்சீடையும் தட்டை நிரப்பத்தான். டைமண்டுக்கு மைதா அரைக் கிலோ, ரவை 50 கிராம், சீனிப்பொடி 150, நெய் இரண்டு கரண்டி, தண்ணீரில் பிசைந்து தேய்த்து வெட்டிப் பொரித்தால் முடிந்தது.

கேக்கைப் பொறுத்தவரை, மலபாரில் தலசேரியில் மம்பள்ளி பாப்பு 1883இல் சுட்டதே இந்தப் பக்கத்து பிளம் கேக்குகளுக்கெல்லாம் மூத்தது என்பார்கள். பொது வீட்டுக்குப் போகும் கேக்கில் மது சேர்க்காதீர்கள். உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத்தோல் முரப்பா எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ, ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் குளிர்பெட்டிக்குள் இரண்டு நாள் ஊறட்டும். அதற்குமேல் வைத்தால் சாறு புளித்துப் பொங்கும். மைதா 250 கிராம், வெண்ணெய் 200, சீனிப்பொடி 200, முட்டை 4, பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி. நிறத்துக்குச் சீனி 150 கிராமைத் தனியே கருக்க வேண்டும். சிவந்து, நுரைத்து, புகை கிளம்பும் நொடியில் 100 மில்லி கொதிநீர் ஊற்றுங்கள், தள்ளி நின்று. ஆறின தண்ணீரை ஊற்றினால் கட்டிதட்டி முகத்தில் தெறிக்கும். கருப்பாக்காமல் பொன்னிறத்தில் நிறுத்தினால் கேக் சாம்பல் நிறமாகத்தான் வரும். பழங்களை வடித்து ஒரு கரண்டி மைதாவில் புரட்டிச் சேருங்கள், அடியில் போய் உட்காராது. 160 டிகிரியில் ஒரு மணி நேரம், எட்டு அங்குலத் தட்டு. ஓவன் இல்லாதவர்கள் கனமான சட்டியில் இரண்டு அங்குலம் மணல் கொட்டிக் காயவைத்து, மேலே தட்டை வைத்து மூடி, மூடிமேல் தணல் போட்டுச் சுடலாம். நேரம் இன்னும் கால் மணி கூடும், அடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயின் விஷயம்: கேரளப் பக்கத்து நண்பர்கள் நவம்பரிலேயே திராட்சையைப் பரணியில் (பீங்கான் ஜாடியில்) போட்டிருப்பார்கள். உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் போடுவது இரு மாநிலத்திலும் குற்றம். கலால் துறை கிறிஸ்துமஸ் சமயம்தான் கண் விழித்திருக்கும். கறுப்புத் திராட்சையைச் சீனியோடு கொதிக்கவைத்து, கிராம்பும் பட்டையும் தட்டிப்போட்டு வடிகட்டி ஆறவைத்துக் கொடுங்கள். பிள்ளைகளும் குடிக்கலாம். மூன்று நாளுக்குள் குளிர்பெட்டியில் வைத்து முடித்துவிட வேண்டும்.

கேரல் வரும் இரவுகள்

20ஆம் தேதிக்கு மேல் ஏதாவதொரு இரவு, பதினொன்றுக்கோ இரண்டுக்கோ, கேரல் பாடும் குழுவினர் டிரம் சத்தத்தோடு வருவார்கள். எப்போது வருவார்கள் என்று சபையிலோ அன்பியத்திலோ (கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குழு) கேட்டால் நாள் தெரியும், மணி யாருக்கும் தெரியாது. தாழ்வார விளக்கை எரியவிடுங்கள், நாயைக் கட்டுங்கள், காணிக்கையை உறையில் போட்டுக் கதவருகே வையுங்கள். தாத்தா வேடம் போட்டவருக்கு முகமூடிக்குள் வேர்த்துக் கொட்டும், அவருக்கு முதலில் தண்ணீர். முப்பது பேருக்குச் சுக்குக்காப்பி என்றால் நாலு லிட்டர் தண்ணீர், கருப்பட்டி 400 கிராம், சுக்கு 50, நல்லமிளகும் மல்லியும் ஒவ்வொரு கைப்பிடி, காப்பிப்பொடி 30 கிராம். பிளாஸ்கில் நிரப்பிவிட்டுத் தூங்கலாம். "பிள்ளேளா, குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லாத வீட்டை அந்தக் கூட்டம் அடுத்த ஆண்டு வரை நினைவில் வைத்திருக்கும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் டிரம்மை நிறுத்தச் சொல்லுங்கள், கேட்பார்கள். கேரலோடு நடக்கிற ஆசை இருந்தால் எந்தச் சமயத்தாரும் சேர்ந்துகொள்ளலாம். டார்ச்சும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

24 இரவும் 25 காலையும்

கத்தோலிக்கக் கோயில்களில் நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ.யில் விடியற்காலை ஆராதனை. மலங்கரைக் கோயில்களில் பிறப்பு ஆராதனையின்போது தீ மூட்டி, சுற்றிவந்து தூபம் இடுவார்கள். புதியவர்கள் பட்டு, நைலான் துணிகளை அந்த இடத்தில் தள்ளியே வைத்திருங்கள். அழைத்துப் போன நண்பர் வேறு சமயத்தாராக இருந்தால் நற்கருணை வாங்க வரிசையில் எழும்போது அவர் உட்கார்ந்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கிசுகிசுப்பது இருவருக்கும் சங்கடம்.

காலைச் சாப்பாடு ஆப்பமும் வறுத்தரைத்த கோழிக்கறியும். ஆப்பமாவின் கணக்கைத் திருப்பலியின் கணக்கோடு சேர்த்துப் போட வேண்டும். பச்சரிசி ஒரு கிலோ, நாலு மணி நேரம் ஊற வேண்டும். இரண்டு கிண்ணம் தேங்காய்த்துருவல், ஒரு கிண்ணம் சோறு சேர்த்து நைசாக அரைத்து, அதில் நாலு கரண்டி மாவை எடுத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துக் கலக்குங்கள். சூடாகக் கலந்தால் ஈஸ்ட் செத்துப்போகும், மாவு அப்படியே கிடக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் கள் இறக்கத் தடை என்பதால் புளிக்க ஈஸ்ட் அரைக் கரண்டி, அல்லது சீனி போட்டு ஒரு நாள் வைத்த தேங்காய்த்தண்ணீர் ஒரு டம்ளர். சீனி நாலு கரண்டி. உப்பு சுடுமுன்தான்.

இரவு ஏழு மணிக்குக் கலக்கினால் விடிய நாலு மணிக்குச் சுடலாம். பாத்திரத்தில் பாதிக்குமேல் மாவு இருக்கக்கூடாது. எல்லாரும் கோயிலுக்குப் போன நேரத்தில் பொங்கி வழிந்து அடுப்படி முழுக்க ஓடுவது இந்தப் பக்கத்தில் வருடாவருடம் யாராவது ஒரு வீட்டில் நடக்கும். பொங்கிய மாவைப் போட்டுக் கிண்டாதீர்கள், ஓரத்தில் இருந்து கரண்டியால் மெல்ல எடுங்கள். ஓட்டை ஓட்டையாக விழாமல் தட்டையாக வந்தால் மாவு கெட்டி, கால் டம்ளர் தேங்காய்ப்பால் விடுங்கள். ஓரம் நிற்காமல் நடுவில் வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

கறிக்கு, இரண்டு கிலோ கோழியென்றால் ஒன்றரைத் தேங்காய். துருவி, பத்து சின்ன உள்ளி, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், ஒரு கரண்டி நல்லமிளகோடு சிறுதீயில் இருபது நிமிடம் வறுங்கள். கிளறும் கை நிற்கக்கூடாது. காப்பிக்கொட்டை நிறம் வரும்போது அடுப்பை அணைத்த பிறகே மல்லிப்பொடி நாலு கரண்டியும் வத்தல்பொடி இரண்டு கரண்டியும் போடுங்கள். தீயில் போட்டால் பொடி கருகிக் கறி முழுக்கக் கசக்கும், அதற்கு மாற்று இல்லை. தண்ணீர் விடாமல், எண்ணெய் கக்கும்வரை அரைக்க வேண்டும். இந்த மசாலாவை 23ஆம் தேதியே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். சைவ விருந்தினருக்கு அதே மசாலாவில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவைத்து, கொண்டைக்கடலையோ உருளைக்கிழங்கோ போட்டுத் தனிச்சட்டியில் வையுங்கள். ஒரே சுவை, அவர்களுக்கு ஒதுக்கிய இடம் என்ற எண்ணம் வராது.

விருந்துக்குப் போகிறவர் நீங்களென்றால் வெறுங்கையோடு போக வேண்டாம், பெரிதாகவும் வேண்டாம். ஒரு சீப்புப் பழம், அல்லது ஒரு புட்டி மார்த்தாண்டம் தேன். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் இங்கே தேனீப்பெட்டி வளர்ப்பைக் கற்றுக்கொடுத்ததில் இருந்து அந்தத் தேனுக்குப் பெயர். துணிமணி எடுத்துக்கொடுப்பது நெருங்கிய சொந்தத்துக்குள் மட்டும். முதல் ஆண்டிலேயே அதைச் செய்தால் அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகிவிடும்.

தட்டு

தட்டு போகும் நேரம் 24 மாலை அல்லது 25 காலை ஆராதனை முடிந்து பத்து மணிக்குள். மத்தியானத்துக்குமேல் எல்லார் வீட்டிலும் வயிறு நிறைந்து கிடக்கும். அடியில் வாழையிலைத் துண்டு, ஒரு ஓரத்தில் இரண்டு முந்திரிக்கொத்து, நாலு அச்சுமுறுக்கு, ஒரு கைப்பிடி டைமண்ட், இரண்டு துண்டு கேக் தனித்தாளில் சுற்றி. சுற்றாமல் வைத்தால் கேக்கின் ஈரம் அச்சுமுறுக்கில் ஏறி அரை மணியில் தொய்ந்துவிடும். முட்டையில்லாத தட்டுகளை முதலில் அடுக்கி, மேலே ஒரு பழம் வைத்து அடையாளம் பண்ணுங்கள். கொடுக்கும்போதே "இதுல முட்டை இல்ல, அக்கா" என்று சொல்லிவிடுங்கள். கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள்.

பித்தளை, எவர்சில்வர் தட்டில் கொடுத்தால் அது திரும்பி வரும், வெறுமையாக வராது. பொங்கலுக்கு ஒரு கட்டு கரும்போடு வரலாம், ஓணத்துக்கு ஏத்தன் சிப்ஸோடு வரலாம், பெருநாளைக்குப் பிரியாணிப் பாத்திரமாகவும் வரலாம். எட்டு மாதம் கழித்து வந்தாலும் தட்டைக் கேட்டு ஆள் அனுப்பக்கூடாது. அடியில் நெய்ல் பாலிஷால் வீட்டுப்பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவைத்தால் போதும்.

ஜனவரி 6 கழிந்ததும் குடிலைப் பிரிக்கலாம். சுரூபங்களைத் தனித்தனியாகத் தாளில் சுற்றி, இடையனின் கோலையும் வால்நட்சத்திரத்தையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு அதே பெட்டியில் வையுங்கள், ஆண்டுதோறும் காணாமல் போவது இவை இரண்டும்தான். சீரியல் பல்பை அட்டையில் சுற்றினால் அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்க வேண்டாம். வளர்ந்த நெற்புல்லை யார் வீட்டில் ஆடு இருக்கிறதோ அங்கே கொடுத்துவிடுங்கள். மினுக்குத்தூளோ ஸ்பிரேயோ அடித்த புல்லென்றால் வேண்டாம், உரக்குழியிலும் போடாமல் குப்பையிலேயே போட்டுவிடுங்கள்.